சித்தப்பா முதுகும் மெல்பர்ன் டிசைனும்

மூன்று வார லீவில் மெல்பர்னிலிருந்து மதுரை போனவனுக்குக் கோயில், கல்யாணம் எல்லாம் போய் ஆஸ்பத்திரி வராண்டாதான் வாய்த்தது. சித்தப்பா முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வருஷக்கணக்காக ஒரு கட்டி. கொழுப்புக்கட்டி என்று ஒரு கிளினிக்கில் முன்பே வெட்டி எடுத்து, பயாப்சிக்கு அனுப்பாமலே குப்பையில் போட்டுவிட்டார்கள். அதே தழும்பிலேயே திரும்ப முளைத்துவிட்டது. இந்த முறை பயாப்சியில் டி.எஃப்.எஸ்.பி. என்று வந்தது, தோலில் வரும் அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் தோலுக்கடியில் வேர் விட்ட மாதிரி ஓடும், கொஞ்சம் விட்டுவைத்தாலும் திரும்ப வரும் ரகம். அதனால் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, தசை மேலுள்ள உறை வரைக்கும் எடுத்தார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது பார்த்தேன், என் உள்ளங்கையை வைத்தாலும் மூடாத புண்.

உடனே மூடவில்லை. ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஃபிளாப், அதாவது பக்கத்துத் தோலை நகர்த்தி மூடுவது, என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். எனக்கு எரிச்சல், டிக்கெட் தேதி வேறு நெருங்குகிறது. ஆனால் அவர் சொன்னது நியாயம்: மூடிய பிறகு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், நகர்த்திய தோலில் எந்த ஓரத்தைத் தேடுவது?

ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். புண்ணுக்குப் பக்கத்திலேயே அதே அகலத்தில் வில் மாதிரி ஒரு துண்டு. சுற்றிலும் தோலை வெட்டுவார்கள், அடியில் ரத்தக் குழாய்களோடு ஒட்டியபடியே இருக்கும், அப்படியே நகர்த்திப் புண்ணை மூடித் தைத்துவிடுவார்கள். கீஸ்டோன் ஃபிளாப் என்று பெயர், கல் வளைவின் உச்சியில் வைக்கும் நடுக்கல்லின் வடிவம். "உங்க ஊர் டாக்டர் கண்டுபிடிச்சதுதான் சார், ஃபீலிக்ஸ் பெஹன், 2003ல எழுதினார்" என்றார். அது இன்னும் பெரிய புண்ணாக இருந்திருந்தால் விலாப்பக்கத்து லாட்டிஸிமஸ் தசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்குமாம்.

ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை எல்லாம் அதற்குப் பிறகுதான். ராத்திரி நர்ஸ் மணிக்கொரு தடவை டார்ச்சோடு வந்து ஃபிளாப்பை விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பா கறுப்பு, அந்த வெளிச்சத்தில் என்ன தெரியும்? புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் போனார், அவர் வரையில் கெட்டிக்காரி. மற்றதெல்லாம் எங்கள் தலையில்: குப்புறப் படுக்க வைப்பது, ஒருக்களித்துத் திருப்புவது, புண்ணிலிருந்து குழாய் வழியே வடிவது சேரும் பாட்டிலில் எத்தனை மில்லி என்று குறித்து வைப்பது. நெஞ்சுக்கடியில் வைக்கத் தலையணை கேட்டால் வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் சொன்ன பேக்கேஜில் இரண்டாவது ஆபரேஷன் சேராது என்பதும் பில் போடும்போதுதான் தெரிந்தது. இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டியின் சதையை வைத்திருக்கும் பயாப்சி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் பத்திரமாக வாங்கி வீட்டில் வைத்துவிட்டோம்.

நான் கிளம்பிய அன்று சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தலையணையை அணைத்துக்கொண்டு தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். "மல்லாந்து படுக்க எத்தனை நாளாகும்னு டாக்டர்ட்ட கேட்டியாடா?" என்றார்.