8,700 ரூபாய் போச்சு. ஏர் ரைபிள் பெல்லட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க

கை நடுங்குற கோவத்துல எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பிள்ளைங்களை ரைபிள் ஷூட்டிங்ல சேர்த்திருக்கிற கிருஷ்ணகிரி, தருமபுரி பெத்தவங்க முழுசாப் படிங்க. பெல்லட், அதாவது ஏர் ரைபிள்ல போட்டுச் சுடுற சின்ன ஈய ரவை, எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசில விவரமாச் சொல்றேன்.

என் பொண்ணு 10 மீட்டர் ஏர் ரைபிள் பண்றா. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் அடிச்சதைப் பார்த்ததுல இருந்து அவளுக்கு வேற நினைப்பே இல்ல. கிருஷ்ணகிரியில இருந்து ஓசூருக்கு பஸ் ஏறிப் போய் பயிற்சி எடுக்கிறா. இந்தப் போட்டியில இலக்கோட நடுவுல இருக்கிற பத்துங்கிற புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். சுடுற ரவை 4.5 மில்லிமீட்டர். பெல்லட்ல ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் ஸ்கோர்ல தெரியும். அதனாலதான் போட்டிக்குத் தனியா, தட்டைத் தலை வெச்ச மேட்ச் பெல்லட் செய்யறாங்க. 500 ரவை கொண்ட டின்ல வரும். தலை அளவு 4.49, 4.50னு டின் மேலயே போட்டிருக்கும், ஒவ்வொண்ணும் 0.53 கிராம் கிட்ட இருக்கும்.

மாவட்டப் போட்டி வருது, ஆறு டின் வேணும்னு மாஸ்டர் சொன்னார். சமூக வலைத்தளத்துல பக்கம் வெச்சு ஷூட்டிங் சாமான் விக்கிற ஒரு ஆளுக்கு போன் பண்ணேன். பேரு போடல, புகார் நடந்துட்டிருக்கு. என்ன துப்பாக்கி, எந்த மாடல், பாப்பா எந்த வகுப்புன்னு ஒவ்வொண்ணாக் கேட்டான். "அண்ணா, நமக்கும் சொந்த ஊரு பாலக்கோடுதாண்ணா. நம்ம ஊருப் பிள்ளை ஸ்டேட் போனா எனக்கும் பெருமை இல்லையா"ன்னான். அந்த இடத்துலதான் நம்பினேன். வெளியூர்ல கடை போட்டு உட்கார்ந்திருக்கிற நம்ம பையன், நம்ம பிள்ளைக்குக் கெட்டது பண்ணுவானா? ஜெர்மனி கம்பெனி மேட்ச் பெல்லட், ஆறும் ஒரே லாட் (ஒரே தடவையில செஞ்சது), தலை 4.50, டின் 1,450 ரூபாய்னான். நாளைக்கு ஸ்டாக் இருக்காதுன்னு அவசரப்படுத்தினான். 8,700 ரூபாயும் அப்பவே ஜிபேல போட்டேன்.

பார்சல் வந்துச்சு. டின் என்னவோ அவன் சொன்ன டின்தான். ஆனா மூடியில ஒட்டுற டேப்பை யாரோ பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காங்க. உள்ள தட்டைத் தலையே இல்ல, கூர்மூக்கு பெல்லட். பாதிக்குப் பின்பக்கப் பாவாடை (விரிஞ்ச மாதிரி இருக்கிற மெல்லிய விளிம்பு) நசுங்கியிருக்கு. நகத்தால கீறினா கோடு விழல. நல்ல மேட்ச் பெல்லட் மெத்து ஈயம், நகம் பட்டாலே கோடு விழும்.

உடனே போன் பண்ணேன். "அண்ணா, உங்களுக்காகத்தான் அப்கிரேடு பண்ணி அனுப்பினேன். இது வேட்டை கிரேடு, கெட்டி ரவை, அப்படியே நேராப் போகும்"னான்.

எங்க தாத்தா அஞ்செட்டிப் பக்கம் பன்றிக் காவலுக்கு லைசன்ஸ் நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தவர். மெத்து ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்தி, குண்டைத் துணியில சுத்தி, குழல் வாயில கம்பியால இடிச்சு இறக்குவார். கெட்டி ஈயம் கலந்தா இறங்கவே இறங்காதும்பார். பெரிய ரைபிள் வேட்டைக் குண்டுல கெட்டித்தனம் தேவைப்படுறது வேற காரணத்துக்கு: பெரிய மிருகத்தோட எலும்புல பட்டுச் சிதறாம உள்ள போகணும். அதுக்குத்தான் ஈயத்துக்கு மேல செம்பு உறை போட்டு, உறையையும் ஈயத்தையும் பிரியாம ஒட்டறாங்க. பத்து மீட்டர்ல காகிதத்தைத் துளைக்க அது எதுக்கு? ஏர் ரைபிள்ல பெல்லட்டோட பாவாடை காத்தழுத்தத்துல விரிஞ்சு குழலை அடைக்கணும், உள்ள இருக்கிற வரிப்பள்ளத்தைப் பிடிச்சுச் சுழலணும். ஆண்டிமணிங்கிற உலோகம் கலந்த கெட்டி ஈயம் அவ்வளவு லேசுல விரியாது. கூர்மூக்குல நுனி ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா அது பாட்டுக்கு ஒரு திசையில போகும். ஓட்டையும் கிழிஞ்ச மாதிரி விழும், தட்டைத் தலை மாதிரி வட்டமா வெட்டாது. இது எதுவும் தெரியாத ஆளா அவன்? தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதா பெல்லட்டை மேட்ச் டின்ல கொட்டி 1,450க்கு வித்திருக்கான். இன்னொண்ணு, இந்தியாவுல வேட்டையே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு வேட்டை ரவைன்னு சொல்லி விக்கிறான்.

பழக்கப்பட்ட நகைக்கடைக்கு எடுத்துட்டுப் போய் மின்தராசுல போட்டுப் பார்த்தேன். ஒண்ணு 0.49 கிராம், அடுத்தது 0.57. ஒரே டின்ல! அந்தப் போட்டோவை அவனுக்கு அனுப்பினேன். அதுக்கு வந்த பதில்: "துப்பாக்கி ஜீரோ பண்ணலைண்ணா." குறி பார்க்கிற இடத்துலயே ரவை விழற மாதிரி சரிபண்றதுதான் ஜீரோ. அதெல்லாம் பண்ணியாச்சுன்னு சொன்னேன். "அப்ப பாப்பாவுக்குக் கை நடுங்குது, யோகா பண்ணச் சொல்லுங்க."

என் பொண்ணு அதைப் படிச்சுட்டா. ரெண்டு நாளா ரேஞ்சுக்குப் போகமாட்டேன்னு உட்கார்ந்திருந்தா. 8,700 ரூபாயை விட எனக்கு அதுதான் ஆறல.

மாஸ்டர்தான் ரைபிளை வைஸ்ல (பட்டறையில சாமானை அசையாமக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி) இறுக்கிப் பூட்டி, மனுஷன் கை படாம சுட்டுக் காட்டினார். அவர்கிட்ட இருந்த நல்ல பெல்லட் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே ஓட்டையில போச்சு. இவன் அனுப்பினது அட்டை முழுக்கச் சிதறுச்சு. பிள்ளை கையில ஒரு குறையும் இல்ல. அந்த அட்டை ரெண்டையும் வீடியோவோட அனுப்பினேன். "ஓப்பன் பண்ண டின்னை ரிட்டர்ன் எடுக்கமாட்டோம்" ஒரு வரி. திறக்காத நாலு டின்னையாவது எடுத்துக்கோப்பான்னு கேட்டேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. அப்புறம் வேற நம்பர்ல கூப்பிட்டா, பாலக்கோட்டுத் தம்பி கன்னடத்துல பேசி வெச்சுட்டான். இப்ப பிளாக். பில்லு கேட்டதுக்கு "அனுப்பறேண்ணா"ன்னவன் கடைசி வரைக்கும் அனுப்பல. 8,700 ரூபாய். பிள்ளையோட அடுத்த மாசப் பயிற்சிக் கட்டணம் அதுல இருந்துதான் கட்டவேண்டியிருந்துச்சு.

1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு. கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துலயும் போடப் போறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்கின பொருளுக்குக் கட்டணம் இல்ல, அதனால 8,700தானேன்னு யாரும் விட்டுடாதீங்க.

விவரமாச் சொல்றேன்னேன், இப்ப உட்கார்ந்து எழுத மனசு வரல. அவசரத்துக்கு இது மட்டும்: மொத்தமா வாங்காதீங்க, ஒரு டின் வாங்கி உங்க ரைபிள்ல வைஸ் போட்டுச் சுட்டுப் பாருங்க, ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போற லாட் வேற வேற. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. மூடி டேப் பிரிஞ்சிருந்தா அங்கயே நிறுத்துங்க. பில்லு இல்லாம பணம் போடாதீங்க. லைசன்ஸ் வேண்டாம்னு பெரிய துப்பாக்கியையும் சேர்த்து விப்பாங்க, குழல் அளவு 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, ரவை வெளிய வர்ற சக்தி 20 ஜூல் அளவுக்கு மேல போனாலோ 2016 ஆயுத விதிப்படி லைசன்ஸ் கட்டாயம். யாராவது இதே ஆள்கிட்ட வாங்கி ஏமாந்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, புகார் எண் தர்றேன், சேர்ந்தே போடலாம்.