புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில்: ஓர் ஆண்டுவிழா டீச்சரின் மதிப்பீடு

ஆண்டுவிழா வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் டிரெஸ் பொறுப்பு என் தலையில்தான் விழும். மதுரை வில்லாபுரம் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா பட்டறைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போகிற குடும்பங்கள். "ஒரு பாட்டுக்கு ஆயிரம் ரூபாயா டீச்சர்? எம்புள்ள ஆட வேணாம், உக்காந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அந்தப் பிள்ளை மேடை ஏறாது. ஆகவே கடை எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கட்டுப்படியாகிற விலையில் தைத்துத் தருவார்களா, அவ்வளவுதான் கேள்வி.

தருவார்கள். குன்னத்தூர் சத்திரத்துத் தையல் கடைகளுக்கு என் முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருப்பது புதுமண்டபம். பெயர்தான் புது, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது. எங்கள் அம்மா காலத்தில் அதைச் சிற்பக்கூடமாகப் பார்த்தவர்கள் குறைவு. தூணுக்குத் தூண் தையல் மெஷின், பாத்திரக் கடை, வளையல் கடை, பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும் விற்கிற கடை. யாளியின் காலடியில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பார்கள், நாயக்கர் சிலைக்கு முன்னால் பாவாடை தொங்கும். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு, பழைய மண்டபங்களுக்குள் கடைகள் இருக்கலாமா என்ற பேச்சு சூடானது. பெரும்பாலான புதுமண்டபக் கடைகள் இடம்மாறிய இடம்தான் குன்னத்தூர் சத்திரம். சத்திரம் என்றதும் திண்ணையையும் தூணையும் தேடாதீர்கள், இது மாநகராட்சி கட்டிய வணிக வளாகம். மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கட்டடம் கட்டடம் மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது நான் போகும் கடையின் தையல்காரர் பாயைப் பற்றி. இந்த முறை எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஆடப்போவது அழகர் ஆற்றில் இறங்கும் ஆட்டம். கருப்பசாமி வேஷத்துக்குச் சல்லடம் என்கிற முட்டிவரை வரும் காற்சட்டை, இடுப்பில் கட்டுகிற கச்சை, உயரமான குல்லா, எல்லாம் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் திரி எடுத்து ஆடுகிறவர்களும் துருத்தி என்கிற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் போட்டு வருகிற அதே உடுப்பு. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களின் உடுப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுப்பவர்களில் நிறையப் பேர் முஸ்லிம் தையல்காரர்கள். மதுரையில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை, எனக்கும் எழுதும்போதுதான் உறைக்கிறது.

"சல்லடம் முட்டிக்குக் கீழ இறங்கக் கூடாது டீச்சரம்மா, ஆடும்போது காலத் தட்டிவிட்டுரும்" என்றபடியே அளவெடுத்தார் பாய். நான் கூட்டிப்போன பையன் நெளிந்துகொண்டே நின்றான். சிவப்பு சாட்டின் துணியை நாலு மடிப்பாகப் போட்டு, சாக்பீஸ் கோடுகூட இல்லாமல் கத்தரியை ஓட்டினார். மஞ்சள் லேஸ் ஓரம், அதற்கு மேலே ஜரிகை நாடா. குல்லாவுக்குள்ளே விறைப்பாக நிற்கக் கேன்வாஸ் வைத்தார். சுற்றளவைத் தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற மாதிரி கொஞ்சம் தளர்த்தி வைத்தார், அடுத்த வருஷம் வேறு பையன் போடலாமே! இடுப்பிலும் உள்மடிப்பாக ரெண்டு விரல் துணி விட்டிருந்தார். நான் கேட்காமலே.

துணி, கூலி எல்லாம் சேர்த்து ஒரு பையனுக்கு நானூற்றைம்பது ரூபாய். ஊருக்கு வெளியே ஒரு வாடகைக் கடையில் ஒரு நாளைக்கே அறுநூறு கேட்டார்கள். அதுவும் அக்குளில் கிழிந்த உடுப்பு, முன்பணம் தனி. இங்கே தைத்தது பள்ளிப் பீரோவில் கிடக்கும், அஞ்சாறு விழாவுக்கு வரும்.

ஆண்டாள் கொண்டை, குறத்தி மணிமாலை, பரதநாட்டிய நெற்றிச்சுட்டி எல்லாம் அக்கம்பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். காந்தி வேஷத்துக்கு மட்டும் செலவே வைக்காதீர்கள், வீட்டிலிருக்கிற வேட்டி போதும். மேலமாசி வீதி 251ஆம் எண் வீட்டில் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி அந்த மனிதரே தொப்பியையும் சட்டையையும் கழற்றிவிட்டு அரைவேட்டிக்கு மாறினார். அந்த இடம் இப்போது கதர்க் கடை. சத்திரத்து வேலை முடிந்ததும் பிள்ளைகளை அப்படியே அங்கே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

இனி மாநகராட்சிக்கு என் மதிப்பெண். மதுரை 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு நகருக்கு ஒன்றிய அரசின் பங்கு மட்டும் 500 கோடி ரூபாய், மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து அதே அளவு போட வேண்டியிருந்தது. சித்திரை வீதிகளுக்குக் கல் பதித்தார்கள், மாசி வீதிகளைப் புதுப்பித்தார்கள், கோயிலுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தமும் வந்தது. நல்லதுதான். வண்டி இடிக்காமல் பிள்ளைகளை வரிசையாக நடத்திப் போக முடிகிறதே, ஒரு டீச்சருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் கல் பதித்த தெருவைப் பார்க்கவா ஜனம் வரும்? தெருவில் நடக்கிற காரியத்துக்குத்தான் வரும்.

அந்த வகையில் தையல்காரர்களைக் கோயில் நிழலிலேயே வைத்துக்கொண்டது உருப்படியான முடிவு. காய்கறி விற்கிற சென்ட்ரல் மார்க்கெட்டைக் கோயிலிலிருந்து தள்ளி மாட்டுத்தாவணிக்கு அனுப்பிய மாதிரி இவர்களையும் அனுப்பியிருந்தால், கூலியோடு ஆட்டோ காசையும் சேர்த்து நான் பெற்றோரிடம் கேட்க வேண்டியிருக்கும். இனிமேல் பார்க்க வேண்டியது வாடகையை. மாநகராட்சிக்கு வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஜவுளிக்கடைக்குப் போடுகிற கணக்கைத் தையல் மெஷினுக்கும் போட்டால், நானூற்றைம்பது எழுநூறாகும், எங்கள் கடைசி வரிசை மேடை ஏறாது. கலைவிழா நடத்தச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்தக் கடைகளின் வாடகைச் சலுகையாகக் கொடுத்தால், ஊரிலிருக்கிற எல்லாப் பள்ளி மேடைக்கும் அது போய்ச் சேரும். அப்படியே, புதுமண்டபத்தைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே நின்றால் கண்ணில் படுகிற மாதிரி வழிகாட்டிப் பலகையும் பெரிதாக வேண்டும். எங்கள் தலைமையாசிரியை இன்னமும் "புதுமண்டபத்துல வாங்கிட்டு வாங்க" என்றுதான் சொல்கிறார்.

ஒன்று போனது போனதுதான். வெயிலில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் காலில் ஏறுகிற கல்லின் குளிர்ச்சி எந்த வளாகத்திலும் வராது. ஆனால் மறைவில்லாமல் அந்த 124 தூண்களையும் பார்க்க வேண்டுமென்றால் மெஷின் நகரத்தான் வேண்டும்.

போகிறவர்களுக்கு: பங்குனி பிறந்துவிட்டால் அழகர் உடுப்பு ஆர்டர் குவியும், பள்ளி உருப்படியை அப்போது கொண்டுபோய் நீட்டினால் பாய் சிரித்தே அனுப்பிவிடுவார். தை மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். அளவைச் சீட்டில் எழுதிப் போகாமல் குட்டையாக ஒரு பையன், நெட்டையாக ஒரு பையன் என்று ரெண்டு பேரைக் கூட்டிப்போனால் மீதியை அவரே கணக்குப் பண்ணிக்கொள்வார். பேரம் கூலியில் பேசாதீர்கள், லேஸில் பேசுங்கள், குறைப்பார்.