எலெக்ட்ரானிக் தம்பூரா: பல மார்கழிகளுக்குப் பிறகு

சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் எலெக்ட்ரானிக் தம்பூரா, அதாவது பாடும்போது பின்னால் இடைவிடாமல் சுருதி கொடுக்கும் பெட்டி, சென்ற வாரம் கைக்கு வந்தது. அதே வாரத்தில் என்னிடம் பாட்டுக் கற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, "டீச்சர், மார்கழிக்கு முன்னாடி ஒரு பெட்டி வாங்கணும், நீங்க வச்சிருக்கறதையே வாங்கட்டுமா?" என்று கேட்டாள். பல மார்கழிகளாக என்னோடு மேடையேறிய கருவியைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை போகும் (ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு அது), எத்தனை வேகத்தில் மீட்டும் என்பனவெல்லாம் பெட்டியின் அட்டையிலேயே இருக்கின்றன; அவற்றை விட்டுவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை குமிழ் வைத்த பழைய பெட்டிகள் பலவற்றுக்கும் பொதுவானது.

குறை ஒன்றே ஒன்றுதான். சுருதியை நுட்பமாகச் சேர்ப்பதற்காகப் பெட்டியின் முகப்பில் வலப்புறம் இருக்கும் சிறிய குமிழ், சேர்த்த இடத்தில் நிற்பதில்லை. வாங்கிய முதல் ஓராண்டு நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் பெட்டியைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலே சுருதி மயிரிழை அளவு ஏறும் அல்லது இறங்கும். குமிழைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிப் பார்த்தேன். டேப் அசையாமல் இருக்க, சுருதி மட்டும் அசைந்தது.

வாங்கிய புதிதில் கருத்து எழுதுபவர்கள் எவரும் இக்குறையைச் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டியின் சுருதி நழுவும்போது, தம்பூராவின் நான்கு தந்திகளுக்குரிய பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்னும் நாதங்கள் நான்கும் சேர்ந்தே நழுவுகின்றன. ஆகவே பெட்டிக்குள் சுருதி சுத்தமாகவே ஒலிக்கும். தனியாக உட்கார்ந்து சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்பவரின் குரல், தன்னை அறியாமலேயே சுருதியின் பின்னால் போய்விடும். பக்கவாத்தியம் சேரும்போதுதான் உண்மை வெளிப்படும். என் சுருதி ஐந்து கட்டை; அதாவது மத்திய ஸட்ஜம் (நடு ஸ்தாயியின் 'ஸ') சுமார் 196 ஹெர்ட்ஸ். பெட்டி 198க்கு நழுவினால் அது அரைக்கட்டையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆனால் 196இல் சேர்த்த வயலின் தந்தியும் 198இல் ஒலிக்கும் பெட்டியும் சேர்ந்து கேட்டால், விநாடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுத்து அலைவது காதில் விழும். அந்த அலைவின் மேல் ஒரு நீண்ட ஸட்ஜத்தை நிறுத்த எந்தக் குரலாலும் இயலாது.

ஒரு டிசம்பரில் இது எனக்கு மேடையிலேயே நேர்ந்தது. மதிய நேரக் கச்சேரி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒப்பனை அறையில் பெட்டியை வைத்து வயலின் கலைஞர் நான்கு தந்திகளையும் சேர்த்துவிட்டார். மிருதங்க வித்துவான் கல்லையும் மரக்கட்டையையும் வைத்து மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையைச் சுற்றிலும் தட்டி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரே நாதம் வரும்வரை பொறுமையாகச் சேர்த்தார். மேடைக்கு இருபதடி தூரம் பெட்டியை நான்தான் எடுத்துப்போனேன். திரை விலகியபின் வர்ணத்தைத் தொடங்க வாய் திறக்கும்போது வயலின் கலைஞர் தாழ்ந்த குரலில், "அக்கா, சுருதி நகர்ந்திருக்கு" என்றார். மிருதங்கக்காரர் வயதில் மூத்தவர். "பெட்டியை இறக்கும்மா, தோலை இனிமே ஏத்த முடியாது" என்றார். ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் குமிழைத் திருகினேன். அது வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடியும் தாண்டியது. மூவரும் மீண்டும் சுருதி சேர்ந்து முடிக்கும்போது, அன்று விரிவாகப் பாட எண்ணியிருந்த ராக ஆலாபனைக்கான நேரம் போய்விட்டிருந்தது.

என்னைப் போன்று எந்தப் பின்புலமும் இல்லாமல் பாடுபவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எத்தகையது என்பதைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசைவிழா என்னும் வழக்கமே அவ்வாறு வேரூன்றியதுதான். இன்று நகரம் முழுவதும் சபாக்களில் காலையிலிருந்து இரவு வரை கச்சேரி நடக்கிறது. வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள், பாடகர்களுக்கு இது அறுவடைக் காலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை நிலவரம் வேறு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணக் கச்சேரிகளையும் வரவேற்பு நிகழ்ச்சிகளையும் நம்பி வாழும் சுதந்திரக் கலைஞருக்கு, ஊரே இசையைப் பற்றிப் பேசும் அந்த மாதத்தில்தான் வருமானம் அடியோடு நிற்கிறது. தை பிறந்தால்தான் மறுபடி அழைப்பு வரும். மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை; எனக்குக் கிடைத்த சன்மானம் பக்கவாத்தியக்காரர்களுக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவாக இருந்த ஆண்டுகளே அதிகம். கைப்பணத்தைப் போட்டு வாங்கும் அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் எனக்குப் பெரிது. அதை ஒரு தேய்ந்த குமிழுக்குப் பறிகொடுத்தது இன்றும் ஆறவில்லை.

இன்னொரு மார்கழியில் திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும், நாளுக்கு ஒன்றாக, அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்த ராகங்களிலேயே வீட்டில் பாடிப் பதிவு செய்து வெளியிட்டேன். சபாவின் தயவை எதிர்பாராமல் நானே என் பாட்டைக் கேட்பவர்களிடம் கொண்டுபோக முடிந்ததில் எனக்குப் பெரும் நிறைவு இருந்தது. தையில் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கோத்தபோதுதான் குமிழின் வேலை தெரிந்தது. நாட்டையில் தொடங்கும் முதல் பாசுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுருதி ஒரு படி இறங்கியது. நான்கு பாசுரங்கள் தள்ளி மறுபடி ஏறியது. தனித்தனியே கேட்டால் ஒரு குறையும் தெரியாது. அடுத்தடுத்துக் கேட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் காது இடறுகிறது. மென்பொருளில் அரைக்கட்டையை நூறு பங்காக்கி, இத்தனை பங்கு ஏற்று, இத்தனை பங்கு இறக்கு என்று சரிசெய்யலாம், செய்தேன். அப்படிச் செய்யும்போது தம்பூராவோடு சேர்ந்து குரலும் இழுபடுகிறது. என் குரலின் இயல்பான கார்வை எங்கே மாறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்; அந்தத் தொகுப்பை முழு மனத்தோடு எவருக்கும் கொடுக்க என்னால் முடியவில்லை.

இவ்வளவு சொன்னபின், இந்தப் பெட்டி எனக்குச் செய்திருக்கும் நன்மைகளைச் சொல்லாமல் விடுவது அநியாயம். முதலாவது, பஞ்சமத்தை மத்தியமமாக மாற்றும் சிறு விசை. புன்னாகவராளி, குறிஞ்சி போன்ற ராகங்களை மத்தியம சுருதியில் பாடும்போது மரத் தம்பூராவில் ஒரு தந்தியை இறக்கிச் சேர்த்தாக வேண்டும். இங்கே ஒரு சொடுக்கில் முடிகிறது, அதுவும் இவ்வளவு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இரண்டாவது, பேட்டரியில் ஓடும் அதன் உழைப்பு. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி விடியற்கால பஜனையின் மரபு இன்றும் தொடர்கிறது. அவ்வீதிகளில் இந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் நடந்திருக்கிறேன். நடையில் சுருதி நழுவும். ஆனால் பஜனையில் அத்தனை குரல்களும் பெட்டியோடு சேர்ந்தே நகர்வதால் எவருக்கும் உறுத்தாது. பின்வரிசையில் வருபவருக்கும் அந்த நாதம் தெளிவாகக் கேட்டது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வீதியில் அது தந்த மகிழ்ச்சிக்கு ஈடாக மேடையில் எதுவும் எனக்கு வாய்க்கவில்லை.

குளிரூட்டிய அரங்கில் மிருதங்கத்தின் தோல் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப மாறும், வயலின் தந்தி நகரும், குரலும் அடைக்கும். பெட்டியை எவரும் அசைக்காதவரை அது மட்டும் அப்படியே நிற்கும். இந்த வகையில் அதை நம்பலாம்.

கைப்பேசிச் செயலி போதாதா என்று மாணவி கேட்டாள். சுருதி நழுவாமை ஒன்றை மட்டும் கருதினால் செயலியே மேல். ஆனால் ஐந்து கட்டையில், கீழ் ஸட்ஜம் ஒலிக்கும் மந்தரத் தந்தி 98 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அவ்வளவு கீழே இறங்காது. அதன் மேல்நாதங்கள் மட்டுமே கேட்கும், அடித்தளம் கேட்காது. அடித்தளம் இல்லாத சுருதியில் நாள்தோறும் சாதகம் செய்யும் குரல் மேலேயே மிதக்கப் பழகிவிடும் என்று நான் அஞ்சுகிறேன். மரத் தம்பூராவுக்கு எதுவும் ஈடில்லை. பலாமரத்தில் கடைந்த அக்கருவியில், குதிரையின் மேல் தந்திக்கடியில் ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தும் கணத்தில் அந்த நாதம் திறந்துகொள்வதை எந்தப் பெட்டியாலும் தர முடியாது. எனினும் அதை மீட்ட ஒருவர் வேண்டும், அவருக்கு மரியாதையான ஊதியம் வேண்டும், கருவியை அடிபடாமல் கொண்டுசெல்ல வண்டி வேண்டும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இம்மூன்றையும் என்னால் ஏற்பாடு செய்ய முடிந்ததில்லை.

பழுதுபார்த்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். குமிழுக்கடியில் வளைந்த கரிப் பட்டை. அதன்மேல் ஊர்ந்து செல்லும் மெல்லிய உலோக விரல். நான் எப்போதும் ஐந்து கட்டையிலேயே வைப்பதால் அந்த விரல் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, அங்கே பட்டை வெளுத்துப்போயிருந்தது. "கன்ட்ரோல் தேஞ்சுபோச்சும்மா, அதிர்ந்தா காண்டாக்ட் மாறும்" என்று சொல்லிப் புதிது போட்டுக் கொடுத்தார். 350 ரூபாய் ஆனது. முதல் பழுதின்போது நான் அணுகிய சேவை மையத்தில் இதைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இத்தனை மார்கழிகளும் இந்தச் சிறு பாகத்துக்காகவா போயின என்று நினைக்கும்போதுதான் மனம் கொதிக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒரே சுருதியில் பாடுபவர்களுக்கென்றே செய்யப்படும் கருவியில், ஒரே இடத்தில் நின்றால் தேயும் ஒரு பாகத்தை வைப்பது எவ்வகையில் சரி?

இப்போது பெட்டி அசையாமல் நிற்கிறது. விலையும் நான் வாங்கியபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. உழைப்பு, நாதம், விசைகள் எல்லாவற்றிலும் எனக்கு மனநிறைவே. இருந்தும் என் மாணவியிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். பொத்தானை அழுத்திச் சுருதியை எண்ணால் அமைக்கும் பெட்டி ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். அதன் நாதம் இதைவிடச் சற்று வறண்டு இருந்தாலும் பரவாயில்லை. கடையிலேயே கைப்பேசியில் சுருதியை அளந்து காட்டும் ட்யூனரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் சுருதியைச் சேர்த்து, பெட்டியைத் தூக்கி, நடந்து, இறக்கி, மேலே இரண்டு தட்டுத் தட்டி முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். ஐப்பசிக்குள் வாங்கிவிட்டால் கார்த்திகை முழுவதும் வயலினோடு வைத்துப் பாடிப் பார்க்கலாம். குறை தெரிந்தால் மார்கழிக்கு முன் மாற்றிக்கொள்ளவும் அவகாசம் இருக்கும்.