காய்ச்சல் கணக்கா, சளி மாதிரியா, கழிவுநீரா?

அடுத்த பெருந்தொற்று ஃப்ளூவை (இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் காய்ச்சலை) முளையிலேயே பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் காய்ச்சல், இருமல் எண்ணிக்கையைத் திரட்டுவது ஒன்று. தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் சளி மாதிரி எடுத்து வைரஸையே பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ஊர்க் கழிவுநீரைச் சோதிப்பது. மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிடலாம்தான். கையில் காசு குறைவான நாட்டுக்கு அந்தப் பதில் உதவாது.

கணக்குக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் 2009 ஏப்ரலில், பன்றிக்காய்ச்சல் கிளம்பியபோது, பளிச்சென்று தெரிந்தது. மெக்சிகோவில் நிமோனியா வழக்கத்தைவிடக் கூடுகிறது என்று மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். சரி, எதனால்? அதை அறிய மாதிரிகள் கனடாவின் வின்னிபெக் ஆய்வகம் வரை போக வேண்டியிருந்தது. பதில் வந்தது ஏப்ரல் 23. அதற்குள் கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் மாதிரியிலிருந்தே புதிய வைரஸ் பிடிபட்டிருந்தது, ஏப்ரல் 15, 17 தேதிகளில். இருவருக்கும் வந்தது சாதாரணக் காய்ச்சல், இருவருமே தேறிவிட்டார்கள். எந்தக் கணக்கேட்டிலும் அவர்கள் யார் கண்ணையும் உறுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது ஃப்ளூ வைரஸ் ஏ வகையா, பி வகையா என்று. ஏ என்றால் அடுத்து எந்த உட்பிரிவு. ஏ என்று காட்டிவிட்டு, வழக்கமான எச்1, எச்3 எதிலும் சேராமல் ஒரு மாதிரி நின்றால் அங்கேதான் மணி அடிக்க வேண்டும். வைரஸ் குறைவாக உள்ள மாதிரியும் இப்படி ஏமாற்றும் என்பதால் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த வழியின் பலவீனம் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது: மரக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்த மாதிரி, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும், ஐஸ் பெட்டி வழியில் சூடாகிவிட்டால் வைரஸை வளர்த்துப் பார்க்க முடியாது. தடுப்பூசிக்கு வைரஸ் தேர்ந்தெடுக்க உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடும்போது, இப்படி நாடுகள் அனுப்பிய வைரஸ்கள்தான் பேசும். வெறும் எண்ணிக்கைக்கு அங்கே வேலை குறைவு.

கழிவுநீர் சிக்கனமானது, ஒரு பாட்டிலில் ஒரு நகரமே அடங்கும். ஆனால் பாதாளச் சாக்கடை இல்லாமல் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் ஊரில் எங்கே போய் மொள்வது? 2024இல் அமெரிக்கப் பால்மாடுகளுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்தபோது டெக்சாஸின் அமரில்லோ கழிவுநீரிலும் எச்5 தென்பட்டது. அது மனிதரிடமிருந்து வந்ததா, கொட்டிய பாலிலிருந்து வந்ததா என்பதைக் கழிவுநீர் மட்டும் சொல்லாது.

என் ஓட்டு சளி மாதிரிக்கு, அதுவும் பல இடங்களில். 2009இல் இந்தியாவில் ஆரம்பத்தில் புணேவும் டெல்லியும்தான் சோதனைக்குக் கதி. டெல்லியில் மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு வரும். தலைநகர ஆய்வகம் ஒன்றை வைத்து இரண்டையும் பார்க்க முடியாது.

அதற்காகக் காய்ச்சல் கணக்கை மூட்டை கட்டிவிடக் கூடாது. ஃப்ளூவை மட்டும் தேடும் ஆய்வகம், வேறு புது நோய் வந்தால் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடும். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தால் கணக்கெடுக்கும் அமைப்பு இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. பிசிஆர் இயந்திரங்களும் கோவிட் புண்ணியத்தில் பல மாவட்டங்களுக்கு வந்துவிட்டன. புதுப் பணம் வந்தால் முதலில் போக வேண்டியது, ஆண்டு முழுக்கத் தடையில்லாமல் வரும் ரசாயனங்களுக்கும், மாதிரியைக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் வண்டிக்கும், நிரந்தரச் சம்பளம் பெறும் ஆய்வக நுட்பநருக்கும்.