வெந்நீர் வரவில்லை: நியூயார்க், லண்டன், குன்னூர்

காலை ஆறு மணி. குழாயைத் திறக்கிறீர்கள். வெந்நீர் வரவில்லை. யாரைக் கூப்பிடுவது, யார் செலவு, எத்தனை நாளில் சரியாகும்? நியூயார்க்கின் குவீன்ஸ், லண்டனின் ஈஸ்ட் ஹாம், நீலகிரியின் குன்னூர் என மூன்று இடங்களிலும் தமிழர்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மூன்று இடத்துச் சட்டங்களும் இதற்கு வெவ்வேறு விதமாகப் பதில் வைத்திருக்கின்றன. நியூயார்க் இத்தனை டிகிரி, இத்தனை மணி நேரம் என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. இங்கிலாந்து ஒரு கடமையைச் சொல்கிறது. தமிழ்நாடு பட்டியல் போட்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. என் ஓட்டு எண்ணுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது.

நியூயார்க் நகரத்தில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை சூடேற்றும் பருவம். காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். நம் கணக்கில் 20 டிகிரி செல்சியஸ். இரவில் வெளியே எப்படியிருந்தாலும் உள்ளே 62 டிகிரி, அதாவது சுமார் 17 செல்சியஸ். வெந்நீருக்குப் பருவமே கிடையாது. ஆண்டு முழுக்க, நாள் முழுக்க, குறைந்தது 120 டிகிரி, சுமார் 49 செல்சியஸ். இதை நிரூபிக்க வழக்கறிஞர் தேவையில்லை, ஒரு வெப்பமானி போதும். நகரத்தின் 311 தொலைபேசி எண்ணில் புகார் சொன்னால் நகர வீட்டுவசதித் துறையின் பரிசோதகர் வந்து அளப்பார். குறைகளை அங்கே மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணக் குறைக்கு 90 நாள், ஆபத்தானதற்கு 30 நாள், உடனடி ஆபத்துக்குப் பொதுவாக 24 மணி நேரம். சூடும் வெந்நீரும் இல்லாதது கடைசி வகுப்பு. வீட்டுக்காரர் அசையவில்லையென்றால் நகரமே ஆளை அனுப்பிச் சரிசெய்துவிட்டு, செலவை அவருடைய சொத்துவரிக் கணக்கில் ஏற்றிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எண்ணுக்கும் ஓட்டைகள் உண்டு. பரிசோதகர் வருகிற நேரத்தில் மட்டும் கொதிகலன் எரிந்தால் என்ன செய்வது? இதற்காகவே 2020இல் ஒரு சட்டம் வந்தது. புகார் குவிந்த கட்டடங்களில் 50ஐத் தேர்ந்தெடுத்து, வீடுகளுக்குள் வெப்ப உணரிகளைப் பொருத்தச் சொன்னார்கள். இன்னொரு ஓட்டை வேடிக்கையானது. குறைந்தபட்சத்துக்குச் சட்டம் இருக்கிறது, அதிகபட்சத்துக்கு இல்லை. பழைய நீராவிக் குழாய்க் கட்டடங்களில் குடியிருப்பவர் கையில் கட்டுப்பாடு எதுவும் இல்லாததால், வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் வழி வேறு. 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தில் 11ஆம் பிரிவு. ஏழு ஆண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிவறை, குளியல் தொட்டி, அறைச்சூடு, வெந்நீர் ஆகியவற்றுக்கான சாதனங்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வெளிப்புற வடிகாலும் மழைநீர்த் தகரங்களும் அவருடையவையே. ஒப்பந்தத்தில் எதையாவது எழுதி இந்தப் பொறுப்பை வாடகைதாரர் தலையில் கட்ட முடியாது. ஈஸ்ட் ஹாமில் பாய்லர் நின்றுபோனால் செலவு யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லை. எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற 1998ஆம் ஆண்டு விதியும் உண்டு. மூன்று ஊர்களின் விதிகளிலும் உயிரைக் காக்கும் விஷயத்தில் மிகத் தெளிவானது இதுதான்.

ஆனால் எத்தனை நாளில்? ‘நியாயமான காலத்துக்குள்’ என்கிறது சட்டம். நியாயம் என்பது ஜனவரியில் ஒன்று, ஜூலையில் இன்னொன்று. வீட்டுக்குள் இருக்கும் பழுதை நீங்கள் தெரிவித்த பிறகே கடமையும் தொடங்கும். ஆகவே தொலைபேசியில் புலம்பாமல் எழுத்தில் அனுப்புங்கள். ‘பழுது’ என்ற சொல்லே ஒரு பொறி என்பதும் 1985இலேயே வெளிப்பட்டுவிட்டது. உலோகச் சட்டகம் கொண்ட ஜன்னல்களில் ஈரம் கோத்து, வீடே பூசணம் பிடித்துப்போன ஒரு வழக்கில், கட்டடத்தில் எதுவும் உடையவில்லை, ஆகவே பழுதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோசமாகக் கட்டப்பட்ட வீட்டுக்கும் பழுதான வீட்டுக்கும் உள்ள அந்த இடைவெளியை, வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெருமளவு அடைத்தது. 2020இல் ராச்டேல் நகரில் பூசணம் படிந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்த பிறகு, இங்கிலாந்தும் எண்ணுக்கு வந்தது. 2025 அக்டோபர் முதல், நகராட்சிகளும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகளில் அவசர ஆபத்துக்கு 24 மணி நேரம், கணிசமான ஈரம், பூசணத்தை ஆராய 10 வேலைநாள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். கடமை மட்டும் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நம் ஊர். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பல வீட்டுக்காரர்களே படித்ததில்லை. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை எல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாயும் அதன் வாஷரும், கழிவறை, வாஷ்பேசின், கீஸர் பழுதுகளும், சாக்கடை சுத்தமும் குடியிருப்பவருக்கு. குளியல் தொட்டிப் பழுதும் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாடகை வீடுகளில் குளியல் தொட்டியை எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ தெரியவில்லை!

ஆக, ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்காரர் செலவாக இருக்கும் அதே வெந்நீர், குன்னூரில் உங்கள் செலவு. சென்னையில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஜனவரி இரவில் உறைபனி விழும் நீலகிரிக்கும் அதே அட்டவணைதான். அறைச்சூடு என்ற சொல்லே அதில் இல்லை. அதற்காகப் பட்டியலைக் குறைசொல்ல மாட்டேன். வாஷருக்காக வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டும் வேலையை அது மிச்சமாக்குகிறது. சின்னச் சச்சரவுகளுக்கு மூன்றில் இதுவே சிறந்தது. யார் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நன்றாக, எத்தனை நாளில் என்பதை விட்டுவிடுவதுதான் குறை.

சாக்கடை விஷயத்தில் அந்தக் குறை ஆபத்தாகிவிடுகிறது. மூன்று மாடிக்கும் பொதுவான கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தரைத்தள வீட்டில் பொங்குகிறது. ‘சாக்கடை சுத்தம்’ வாடகைதாரர் வேலை என்று பட்டியலைக் காட்டினால், மாடிக்காரர்களின் அடைப்புக்குத் தரைத்தளக்காரர் காசு கொடுக்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் 2011 அக்டோபரிலிருந்து பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக் கால்வாய்களைத் தண்ணீர் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. அங்கே இந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இங்கே அவசரத்தில் யாரையாவது கூப்பிட்டுக் குழிக்குள் இறக்குகிறார்கள். சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. கூப்பிட்டவர் வாடகைதாரராக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். வாடகை அட்டவணை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டியலில் இல்லாததை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. குன்னூரில் நான் வீடு பார்த்தால் மூன்று வரி சேர்க்கச் சொல்வேன். கீஸரே மாற்ற வேண்டிய நிலை வந்தால் வீட்டுக்காரர் மாற்ற வேண்டும். வெந்நீர் நின்றால் இரண்டு நாளில் ஆள் வர வேண்டும். பொதுக் கழிவுக்குழாய் அடைத்தால் செலவு எல்லா வீட்டுக்கும் பங்கு, இயந்திரம் மட்டுமே இறங்க வேண்டும். முதல் வரிக்கு வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இரண்டாவதற்குப் பேரம் பேசுவார். மூன்றாவதற்குப் பெரும்பாலும் உடனே தலையாட்டுவார், தரைத்தளத்தில் அவரே குடியிருந்தால்.