பெயரில் இடைவெளி: மேற்கோளா, பேக்ஸ்லாஷா, அண்டர்ஸ்கோரா?

மதுரையில் சித்திரைத் திருவிழாவைப் படம் எடுப்பவர்களின் ஹார்ட் டிஸ்கில் 'மீனாட்சி கல்யாணம்', 'மூன்றுமாவடி எதிர்சேவை' என்ற மாதிரிதான் ஃபோல்டர் பெயர்கள் இருக்கும். மவுஸில் திறக்கும்வரை தொந்தரவில்லை. கட்டளைகளை எழுத்தால் அடிக்கும் லினக்ஸ் டெர்மினலில் உட்கார்ந்தால்தான் வினை.

அடித்த கட்டளையைப் படித்து நடத்தும் ஷெல்லைப் பொறுத்தவரை இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது. அழிக்கும் கட்டளையான ஆர்எம்மோடு (rm), ஃபோல்டரை உள்ளிருப்பதோடு அழிக்கச் சொல்லும் 'மைனஸ் ஆர்' (-r) சேர்த்து, மீனாட்சி கல்யாணம் என்று வெறுமனே அடித்தால் அது இரண்டு பெயராகப் பிரியும். பக்கத்திலேயே 'மீனாட்சி' என்று தனி ஃபோல்டர் இருந்தால் போவது அதுதான். 'கல்யாணம்' இல்லை என்று ஒரு பிழைச்செய்தி வரும். அழிக்க நினைத்ததோ அப்படியே இருக்கும்.

இடைவெளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டால் பெயர் பிரியாது. ஆனால் நான்கு சொல் உள்ள பெயருக்கு மூன்று பேக்ஸ்லாஷ். ஒன்று விட்டாலும் போச்சு. கையால் அடிப்பதற்கு இது லாயக்கில்லை. முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினால் லினக்ஸில் பரவலாக இருக்கும் பாஷ் ஷெல்லே அவற்றைப் போட்டுக்கொள்ளும். டெர்மினலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கட்டளைகளை ஒரு கோப்பில் தொகுத்து ஸ்கிரிப்ட் எழுதும்போது கதை வேறு. அங்கே டேப் இல்லை, பெயர் ஒரு மாறிக்குள் (டாலர் குறி போட்டு மதிப்பை எடுக்கும் வேரியபிள்) இருக்கும். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் கட்டாயம். ஒற்றை மேற்கோள் போட்டால் டாலர் குறிகூட வெறும் எழுத்தாகிவிடும், மாறியின் மதிப்பு வராது. இன்னொன்று: வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும் ~ குறி எந்த மேற்கோளுக்குள்ளும் விரியாது, அதை வெளியே வைக்க வேண்டும். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் ஒற்றை மேற்கோளுக்கு மதிப்பே கிடையாது, இரட்டைதான். அங்கே ஃபோல்டர் மாறும் சிடி (cd) கட்டளை மட்டும் மேற்கோள் இல்லாமலும் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் காப்பி கட்டளைக்கும் அப்படியே அடித்தால் நடக்காது.

"பேசாமல் எல்லாவற்றிலும் அண்டர்ஸ்கோர் போட்டுவிடுங்கள் அண்ணே" என்பார்கள். புதிதாகத் தொடங்கும் ஃபோல்டருக்குச் சரி. பழையதில் கை வைத்தால், ஆல்பம் டிசைன் கோப்புக்குள் இணைத்த படங்கள் பழைய பாதையைத் தேடி நிற்கும். வாடிக்கையாளர் கொடுத்த பெயரை மாற்ற நமக்கு உரிமையும் இல்லை. மாற்றியே தீரவேண்டும் என்றால், லினக்ஸில் பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளையோடு 'மைனஸ் என்' (-n) சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாது.

ஆயிரக்கணக்கான படங்களை ஃபைண்ட் (find) கட்டளை கொண்டு தேடி, கிடைத்த பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு (xargs) தள்ளும்போது மேற்கோள் போட இடமே கிடைக்காது. அப்போது ஃபைண்டுக்கு 'மைனஸ் பிரின்ட்0' (-print0), எக்ஸ்ஆர்க்ஸுக்கு 'மைனஸ் 0' (-0) கொடுங்கள். பெயர்களைப் பிரிக்க, மதிப்பு பூஜ்யமான நல் (NUL) எழுத்து வந்துவிடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் அந்த எழுத்து வரவே முடியாது என்பதால், பெயரில் இடைவெளி என்ன, புதுவரியே இருந்தாலும் பிரியாது.