என்சைம் மின்முனை நீடித்து உழைக்க: குளுட்டரால்டிஹைடா, ஆஸ்மியம் ஜெல்லா?

குளுக்கோஸை அளக்கும் உணரிக்காக, குளுக்கோஸோடு வினைபுரியும் என்சைமான குளுக்கோஸ் ஆக்சிடேஸை மின்முனையில் சும்மா காயவைத்தால், கரைசலில் தோய்த்ததுமே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்விடும். அதனால்தான் பலரும் முதலில், புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வேதிப்பொருளான குளுட்டரால்டிஹைடை எடுக்கிறார்கள். என்சைமோடும் அல்புமின் என்ற புரதத்தோடும் கலந்து ஒரு துளி விட்டால், புரதங்களில் உள்ள லைசின் அமீன்களை (நைட்ரஜன் கொண்ட பக்கக் கிளைகளை)ப் பிடித்துப் பின்னிவிடும், மலிவு, செய்வதும் சுலபம். ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் என்சைம் இறுகிச் செயலிழக்கும், படலம் காய்ந்ததும் ஓரத்தில் மெல்லிய விரிசல் விழும். அப்புறம் பெரிய பிரச்சினை ஒன்று: என்சைம் குளுக்கோஸிலிருந்து எடுக்கும் எலக்ட்ரானை ஆக்சிஜன்தான் வாங்கிக்கொள்கிறது, அதில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதை உண்டாக்கிய என்சைமையே அரிக்கிறது.

ஆஸ்மியம் என்ற உலோகத்தைத் தாங்கிய பாலிமர் ஜெல்லில் எலக்ட்ரான் பாலிமர் வழியே நேராக மின்முனைக்குப் போவதால் பெராக்சைடு குறையும். அடியோடு நிற்காது, ஏனென்றால் ஆக்சிஜன் அங்கேயும் போட்டிக்கு வரும். இரண்டு வாரம் போல உடலில் அணியும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே குளுக்கோஸ் உணரியும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. ஆஸ்மியம் விலை அதிகம், ஜெல் நீரில் உப்பி மென்மையாகிவிடுவதால் வேகமாகக் கலக்கினால் உரிந்தும் போகும். ஒரு நாள் சோதனைக்குக் குளுட்டரால்டிஹைடு தாராளமாகப் போதும், வாரக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் நான் ஜெல் பக்கம்தான், அதன் மேல் ஒரு பாதுகாப்புப் படலமும் போட்டு.